மோட்டார் இல்லே... குழாய் இல்லே... வாழை மட்டும் குலை தள்ளிடுச்சு!

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, அப்புறம் ஷேர் ஆட்டோவிலும் குலுங்கிப் போனால் ஒரு மனைப் பிரிவு வருகிறது. எல்லைக்கல் நட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது. வீடு என்று பார்த்தால் நாலோ, ஐந்தோதான். குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. உள்பக்க மனைகளுக்குக் கரண்டு கம்பமும் வரவில்லை. எங்கு பார்த்தாலும் வேலிக்காத்தான் முள்.

நடுவில் ஒரே ஒரு கிரவுண்டு மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கிறது! ஆறு வாழை, இரண்டு தென்னங்கன்று, ஒரு முருங்கை. பாத்தி கட்டிக் கத்தரி, வெண்டை, அரைக்கீரை. ஒரு வாழை குலை தள்ளி, முட்டுக் கொடுத்து நிற்கிறது.

மனைக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர். வயது 68. ஆயுள் முழுக்க லெட்ஜர் எழுதி ரிடையர் ஆனவர். "பேரு வேணாம் தம்பி. பேப்பர்ல பேரைப் போட்டா சங்கத்துல சண்டைக்கு வருவாங்க" என்றார்.

என்ன சண்டை? அது கடைசியில். முதலில் தண்ணீர்க் கதை.

தினம் 300 கிலோ!

வீடு கட்டப் பணம் சேரவில்லை. சும்மா போட்டால் குப்பை கொட்டுகிறார்கள். அதனால் செடி வைத்தார். மனைக்கு 60 அடி தள்ளி ஒரு பழைய கிணறு இருக்கிறது. இந்த இடமெல்லாம் வயலாக இருந்த காலத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டிய கிணறு.

ஆரம்பத்தில் ராட்டினம், கயிறு, பிளாஸ்டிக் குடம். அவ்வளவுதான் சாமான். தினம் 20 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்று வையுங்கள். மொத்தம் 300 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆக, 300 கிலோவை 20 அடி பள்ளத்திலிருந்து மேலே இழுத்து, 60 அடி சுமந்து கொட்டியிருக்கிறார். கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர்கள் கூட இதற்குக் கூலி கேட்டிருப்பார்கள்!

"மூணாவது மாசமே இடுப்பு புடிச்சிக்கிச்சி. வீட்டுல ஒரே பாட்டு. 'மனையை வித்துத் தொலைங்க. செடிக்குத் தண்ணி ஊத்தப் போயி உங்களை நாலு பேர் தூக்கிட்டு வரப் போறாங்க'ன்னு. அவங்க சொல்றதும் தப்பில்லே."

காற்று வாங்கிய பம்பு

பழைய இரும்புக் கடையில் ஓர் அடிபம்பு கிடைத்தது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்ததே, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு 'டொக் டொக்' என்று அடித்தால்தான் தண்ணீர் ஏறும், அதே பம்புதான். புதுத் தோல் வாஷர் போட்டு, கிணற்று மேட்டில் 3 அடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அதன் மேல் பம்பை உட்கார வைத்தார். பக்கத்திலேயே 200 லிட்டர் நீல டிரம். பம்பிலிருந்து தண்ணீர் நேராக டிரம்மில் விழும். டிரம்மின் அடியில் ஒரு குழாய் பிடித்து, ஓஸ் மாட்டிச் செடிக்கு விட வேண்டியது. பிளான் பிரமாதம்!

மழைக்காலம் போய்த் தை, மாசி வரைக்கும் தண்ணீர் கொட்டியது. சித்திரை பிறந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது. பம்பு அடித்தால் 'புஸ்ஸ்' என்று காற்றுதான். வாஷரை மாற்றினார். பைப்பை மாற்றினார். ஊஹூம்.

கடைசியில் ஒரு பம்பு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "சாரே, பம்பு தண்ணிய இழுக்குதுன்னா நெனச்சே? உள்ள கீற காத்த மட்டுந்தான் அது எடுக்கும். வெளில கீற காத்து அமுக்கித்தான் தண்ணி மேல வருது. அதுக்கு அவ்ளோதான் தெம்பு!"

படித்தவர்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியாது. காற்றின் அழுத்தம் தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 34 அடி. வாஷர் தேய்மானம், பைப் இணைப்பில் கசிவு எல்லாம் போக, நடைமுறையில் 25 அடி தாண்டினாலே சிரமம். அதுவும் தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பு வரைக்கும் உள்ள உயரம். பெரியவர் ஆசையாகக் கட்டிய மேடை அதில் 3 அடியைச் சாப்பிட்டுவிட்டது!

"400 செங்கல்லு தம்பி. நானே கட்டினேன், நானே இடிச்சேன்."

இதற்குமேல் ஆழத்துக்கு வேறு பம்பு உண்டு. தெருமுனையில் நிற்குமே, 'இந்தியா மார்க் 2'. அதில் சிலிண்டரே தண்ணீருக்குள் இறங்கிவிடும். மேலே கைப்பிடியை அடித்தால் கம்பி வழியாகக் கீழே வேலை நடக்கும். 150 அடி வரை தாங்கும். 1970களில் யுனிசெப் உதவியோடு உருவாகி, மெட்ராசிலும் தயாராகி, ஆப்பிரிக்கா வரைக்கும் போன பம்பு அது. ஆனால் போர் போட வேண்டும். பென்ஷனில் அது நடக்காது.

மாடு நடந்த சரிவு

மேடையை இடித்துவிட்டு டிரம்மை எங்கே வைப்பது? அப்போதுதான் காலடியில் கிடந்ததைக் கவனித்தார்.

கவலை ஓட்டிய கிணறு என்றால் கிணற்றடி மேடாக இருக்கும். அங்கிருந்து ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். மாடு அந்தச் சரிவில் இறங்கி நடக்கும்போது சால் மேலே ஏறும். தன் உடம்புப் பாரமும் சேர்ந்து இழுப்பதால் மாட்டுக்குச் சுமை குறைகிறது. மேலே வந்த தண்ணீர் மேட்டுத் தொட்டியில் கொட்டி, தானாகவே வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போகும். இரண்டு கல்தூணும் சரிவும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

பம்பைக் கிணற்றடி மேட்டிலேயே, தரையோடு தரையாகப் பதித்தார். டிரம்மைச் சரிவில் ஒன்றரை அடி கீழே இறக்கினார். பம்பின் வாய்க்கு நேர் கீழே டிரம்மின் வாய். அங்கிருந்து மனை இன்னும் தாழ்வு. ஓஸைத் திறந்தால் தண்ணீர் தானே ஓடுகிறது. குடம் சுமக்கிற வேலை ஒழிந்தது. வேகம் கிடையாது, பீய்ச்சி அடிக்காது. பூவாளி மாதிரி தூவுகிற சாமான் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தார். சொட்டியதோடு சரி. அந்தக் காசு தண்டம்.

கொசுவுக்குப் பயந்து டிரம் வாயில் வலை கட்டியிருக்கிறார். நல்ல காரியம். டெங்கு கொசுவுக்கு டிரம் தண்ணீர்தான் இஷ்டம்.

மண்ணுக்குள் பானை

இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். கத்தரிப் பாத்தியில் அங்கங்கே சின்ன மூடிகள் தெரிகின்றன. தூக்கிப் பார்த்தால் கழுத்து வரை புதைத்த மண்பானை!

பெயிண்ட் அடிக்காத, வெறும் சுட்ட பானை. தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மண் காய்ந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் தானே குறையும். வேர் பானையைத் தேடிக்கொண்டு வரும். வெயிலில் ஆவியாவது குறைவு, களையும் குறைவு. மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமாம். பழைய பழக்கம்தான், புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கொசப்பேட்டையில் நானும் ஒரு பானை விலை கேட்டு வைத்திருக்கிறேன்!

20 குடம் ஊற்றிய இடத்தில் இப்போது 10 குடத் தண்ணீர் போதும் என்கிறார். கத்திரி வெயிலில் இரண்டு, மூன்று வாரம் பம்பு மறுபடி காற்று வாங்கும். அப்போது மட்டும் பழைய ராட்டினம்.

கிணற்றை மூடப் போகிறார்கள்!

இப்போது சண்டைக்கு வருவோம். மனைச் சொந்தக்காரர்கள் சங்கம் இந்தக் கிணற்றை மண் போட்டு மூட வேண்டும் என்கிறது. கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது. குழந்தைகள் விழுந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம். நானே எட்டிப் பார்க்கும்போது கால் கூசியது.

பெரியவரோ லெட்ஜரை விரிக்கிறார். "கம்பிவலை போட்டு மூடுங்க, என் பங்கு முதல்ல தரேன். மழைத் தண்ணிய இதுக்குள்ள விடுங்க. ஒரு கிரவுண்டுல ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 2,200 லிட்டருக்கு மேல விழுது. ரோட்டுல விட்டுட்டு அப்புறம் லாரிக்குப் போன் பண்றாங்க. 2019-ல நாலு ஏரியும் வறண்டு, ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, மறந்துட்டாங்களா?"

கம்பிவலைக்கும் சுவருக்கும் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார். மூடுவதற்கு மண் அடிக்கிற லாரி வாடகையையும் பக்கத்துப் பத்தியில் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"மூடிட்டா?" என்று கேட்டேன்.

"மனையை வித்துடுவேன். வீட்டுல சந்தோஷப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு டிரம் பக்கம் போய்விட்டார்.

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு. தார் அதற்குள் வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடுமாம். செயலாளருக்கு ஒரு சீப்பு, எதிர்த்துப் பேசுகிறவருக்கு இரண்டு சீப்பு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.