முனைய நிரல்களில் தனிவிசை வாசிப்பும் தமிழ் எழுத்தும்

1. முன்னுரை

கணினியைத் தமிழாய்வுக்குக் கருவியாகக் கொள்வோர் தொகை நாளும் பெருகி வருகின்றது. சொல்லடைவு தொகுத்தல், பாடவேறுபாடுகளை ஒப்பிடல், சொற்களை இலக்கண வகைப்படி பகுத்தல் முதலிய பணிகட்கு மாணவர்கள் தாமே சிறு நிரல்களை எழுதிக்கொள்கின்றனர். அவற்றுட் பல, எழுத்து மட்டுமே தோன்றும் முனையத்தில் இயங்குவன. இத்தகைய நிரல், விசையொன்றை அழுத்திய அப்பொழுதே, 'என்டர்' விசைக்குக் காத்திராமல், அதனை அறிந்து செயற்படவேண்டும் என்பது பலர் விருப்பம். எளிதெனத் தோன்றும் இச்செயல் ஓர் இயங்குதளத்தில் ஒருவாறும் பிறிதொன்றில் வேறொருவாறும் நிகழ்கின்றது. அதன் காரணத்தையும், தமிழெழுத்துக்கு அதனால் நேரும் இடரையும், அதனை நீக்கும் வழியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2. ஆய்வுக்குக் காரணமான நிகழ்ச்சி

தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பெற்றது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களும் இடம்பெற்றிருந்தன. பின்னது சிடாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. ஒரே பெட்டியுள் இரண்டு வேறுபட்ட மரபுகள் குடியிருந்தன எனலாம்.

வள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த எம் முதுகலை மாணவர் ஒருவர், அத்தகைய மடிக்கணினியில் சொற்பகுப்பு நிரல் ஒன்றை எழுதினார். திரையில் ஒரு சொல் தோன்றும். பெயராயின் 'ப', வினையாயின் 'வ', இடையாயின் 'இ', உரியாயின் 'உ' என ஒரு விசையை அழுத்தினால் அடுத்த சொல் வரும். விண்டோசில், திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத் தோன்றிற்றாயினும், விசை ஒன்றுக்கு விடை ஒன்றாகவே பதிவாயிற்று. தமிழ் செம்மையாகத் தோன்றும் என்று கருதி அவர் லினக்சுக்கு மாறினார். விசையை வாசிக்கும் பகுதியை மட்டும் அதற்கேற்ப மாற்றி எழுதினார். இப்பொழுதோ விசை ஒன்றை அழுத்தினால் மூன்று சொற்கள் நகர்ந்தன. நிரல் விரைந்து செல்வதாகவே அவர் முதலில் மகிழ்ந்தார். ஒரு பிற்பகல் உழைப்பு முழுவதும் பிழைபட்ட பின்னரே குறை புலனாயிற்று. மேற்பார்வையிட்ட யாமும் அதனை முன்னரே உணர்ந்திலேம். ஏன் மூன்று என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

3. வரிமுறையும் விசைமுறையும்

யூனிக்ஸ் 1969-இல் தோன்றத் தொடங்கிய காலத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். அவர்தம் முனையங்கள் தாளில் அச்சிடும் தொலையச்சுப் பொறிகள். ஒவ்வொரு விசைக்கும் நிரலை எழுப்புதல் கணினிக்குப் பெருஞ்சுமை. ஆதலின் இயங்குதளமே விசைகளைத் திரட்டி, பிழை திருத்த இடங்கொடுத்து, வரி நிறைந்த பின்னரே நிரலிடம் ஒப்படைத்தது. இதனை வரிமுறை என்க.

வரியை முன்னிட்டமைந்த இம்முறை, திரைமுழுதும் எழுத்தைத் திருத்தும் நிரல்கட்குப் பொருந்தாதாயிற்று. 1976-இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய 'விஐ' போன்ற நிரல்கட்கு ஒவ்வொரு விசையும் உடனே தேவை. ஆகவே வரியைத் திரட்டாது விசைகளை வந்தவாறே அளிக்கும் முறைகளும் அமைந்தன. இவற்றை விசைமுறை எனலாம். இவற்றின் அமைப்பை 1988-இல் வெளிவந்த போசிக்ஸ் தரம் 'டெர்மியோஸ்' என்னும் பெயரால் ஒழுங்குசெய்தது. அதன்படி நிரலானது வரித்திரட்டலையும், விசையைத் திரையில் எதிரொலித்தலையும் தானே நிறுத்தவும், பணி முடிந்தபின் பழைய நிலைக்கு மீட்கவும் வேண்டும். மீட்காது நிரல் இடையில் நின்றுவிடின், அதன்பின் தட்டுவது யாதும் திரையில் தோன்றாது. புதியவர் கணினியே பழுதுற்றதென அஞ்சுவர். கண்ணுக்குத் தோன்றாவிடினும் 'எஸ்டிடிஒய் சேன்' என்று தட்டி 'என்டர்' விசையை அழுத்தின் பெரும்பாலும் முனையம் தெளியும்.

1981-இல் வந்த டாஸ் மரபு வேறு. ஆங்கே கணினி ஒருவர்க்கே உரியது; விசைப்பலகை நேரே இணைந்தது. எனவே தனிவிசை வாசிப்பு இயல்பாகவே எளிதாயிற்று. நம் நாட்டுக் கல்லூரிகளில் டர்போ சி பயின்றோர், முடிவுத்திரை மறையாதிருக்க நிரலின் இறுதியில் 'கெட்ச்' என்னும் செயற்கூற்றை எழுதியதை மறந்திரார். அதனை வழங்கும் 'கோனியோ' தலைப்புக் கோப்பு யூனிக்ஸ் மரபில் இல்லை. விண்டோசோ அக்கூற்றைப் பெயரில் சிறு மாற்றத்துடன் இன்றும் பேணி வருகின்றது.

4. தமிழெழுத்தின் எண்வடிவு

இனி, மூன்று என்னும் வினாவுக்கு வருவோம். விண்டோசின் அகல எழுத்து வாசிப்பு, 'க' என்பதனை ஒரே எண்ணாகத் தருகின்றது. லினக்ஸ் முனையமோ யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 149 என மூன்று பைட்டுகளாக அனுப்புகின்றது. யூனிகோடில் தமிழுக்குரிய பகுதியிலுள்ள ஒவ்வொரு குறியும் இவ்வாறு மும்மூன்று பைட்டுகளே. பைட்டு ஒவ்வொன்றையும் ஒரு விடையாகக் கொண்ட நிரல், விசை ஒன்றுக்கு மூன்று சொற்களைக் கடந்ததில் வியப்பில்லை.

இன்னுமொரு மயக்கமும் ஈண்டுக் கருதத்தக்கது. விண்டோசின் 'கெட்ச்', அம்புக்குறி முதலிய சிறப்பு விசைகள் அழுத்தப்பெறின், முதலில் 0 அல்லது 224 என்னும் எண்ணைத் தந்து, அடுத்த வாசிப்பில் விசையின் எண்ணைத் தரும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் தொடங்குவதும் அதே 224-இல்தான். பழைய நிரலை அவ்விதியோடு லினக்சுக்குக் கொண்டுவரின், தமிழெழுத்தின் முதலிரு பைட்டுகளும் அறியாச் சிறப்பு விசையாகக் கொள்ளப்பெற்று, மூன்றாவது மட்டும் பொருளற்ற எச்சமாய் நிற்கும்.

குறி வேறு, எழுத்து வேறு என்பதும் உணரற்பாலது. நம் 247 எழுத்துகளுள் உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 மட்டுமே யூனிகோடில் ஒரு குறியால் அமைவன. மெய் 18-உம், எஞ்சிய உயிர்மெய் 198-உம் ஆகிய 216-உம் இவ்விரு குறிகளால் அமைவன. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று, குறி ஐந்து, பைட்டு பதினைந்து.

ஆதலின் பைட்டுகளைத் திரட்டிக் குறியாக்கினும் எழுத்து நிறைவுறாது. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 பலகையில் 'கா' என்பதற்கு இரண்டு விசைகள் வேண்டும். முதல் விசையில் 'க' வந்தவுடன் வாசித்த நிரல், அடுத்து வருவது உயிர்க்குறியோ, புள்ளியோ, வேறெழுத்தோ என அறியாது. வருமொழி அறியாமல் நிலைமொழியின் திரிபைக் கூறலாகாமை போல்வது இது. சில உள்ளீட்டுக் கருவிகள் அடுத்த விசை வரும்வரை எழுத்தைத் தம்மிடமே நிறுத்திவைப்பதும் உண்டு.

அழித்தற்கண்ணும் இவ்வேறுபாடு தோன்றும். வரிமுறையில், அழிவிசை ஒரு பைட்டை அழிப்பதா ஒரு குறியை அழிப்பதா என்பதற்கு லினக்சில் 2004 முதல் தனி அமைப்பு உண்டு. அது செயற்படினும் 'கொ' என்பதில் உயிர்க்குறி மட்டும் நீங்கி 'க' நிற்கும்.

5. காலத்தால் அறிதல்

முனையத்தில் மேல்நோக்கும் அம்புக்குறி, 'எஸ்கேப்' குறியை முதலாகக் கொண்ட மூன்று பைட்டுத் தொடராக வருவது வழக்கம். 'எஸ்கேப்' விசையைத் தனியே அழுத்தின் அம்முதற்குறி மட்டும் வரும். எனவே முதற்குறியைப் பெற்ற நிரல், தனிவிசையோ தொடரோ எனத் துணிய முடியாது. வடிவால் பிரிக்கலாகாத இவற்றைப் பிரிப்பது காலமே. மேலும் குறி வருகின்றதா எனச் சிறிது பொழுது காத்திருந்து, வாராதாயின் தனிவிசை எனக் கொள்வர். தொல்காப்பிய நூன்மரபு கண்ணிமையையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக்கியது; டெர்மியோசின் 'வி-டைம்' நொடியில் பத்திலொரு பங்கை அளவாக்குகின்றது. இக்காலம் மிகின் நிரல் தயங்கும். குறையின் தொலைவிலிருந்து தாழ்த்து வரும் தொடர் சிதையும். 'என்கர்சஸ்' நூலகம் இயல்பாக 1000 மில்லிநொடி காத்திருப்பது அச்சிதைவை அஞ்சியே எனலாம்.

6. கொள்ளத்தக்க நெறிகள்

தனிவிசையைக் கட்டளைக்கு மட்டும் கொள்க. உரை உள்ளீட்டுக்கு வரிமுறையே தகும். கட்டளை விசைகளாக 1, 2, 3, 4 போன்ற எண்களைக் கொள்ளின், தமிழ்99, ஆங்கிலம் என எப்பலகையிலும் அவை ஒரே பைட்டாய் வரும். தமிழெழுத்தே கட்டளையாக வேண்டுமாயின், முதற்பைட்டு 224 முதல் 239 வரையாயின் மேலும் இரண்டைச் சேர்த்து ஒரு குறியாக்கிய பின்னரே விடையாகக் கொள்க. வாசிக்கும் பகுதியை விண்டோசுக்கு ஒன்றும் யூனிக்ஸ் மரபுக்கு ஒன்றுமாக எழுதி, இரண்டும் ஒரே வடிவில் விடை தருமாறு அமைக்க. பைத்தான் மொழியில் முன்னதற்கு 'எம்எஸ்விசிஆர்டி'யும் பின்னதற்கு 'டெர்மியோஸ்' கூறும் உள. நிரல் எவ்வாறு முடியினும் முனையம் பழைய நிலையை எய்துமாறு செய்க.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விசை, பைட்டு, குறி, எழுத்து ஆகிய நான்கும் வேறுவேறு என்பது பெறப்படும். ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் ஒன்றாயிருத்தலின் அவ்வேறுபாடு மறைந்து கிடக்கின்றது. தமிழிலோ தொட்ட அளவில் வெளிப்படுகின்றது. சொல்லடைவும் சொற்பகுப்பும் பிற்கால ஆய்வுகட்கு அடிப்படையாவன. அவற்றுள் ஓரிடம் பெயர்ந்த ஒரு குறிப்பு, பின்வரும் எண்ணிக்கைகளையெல்லாம் பிழைபடுத்தும். எம் மாணவர் அன்று இழந்தது ஒரு பிற்பகலே. திரையை மீளப் பார்த்திராராயின் இழப்பு அவ்வளவில் நின்றிராது. எனவே நிரலெழுதும் தமிழ் மாணவர், முதல் நூறு சொற்களையேனும் கையால் சரிபார்த்த பின்னரே மேற்செல்லுதல் வேண்டும்.