கூரையும் தரையும்: பாரிஸ் உள்ளரங்க டென்னிஸ் போட்டியின் வரலாறு

பாரிஸ் நகரின் கிழக்கே, சேன் ஆற்றின் வலக்கரையில் பெர்சி என்றொரு வட்டாரம் உண்டு. மதுக்கிடங்குகளுக்குப் பெயர் பெற்றிருந்த அவ்விடத்தில் 1984-ஆம் ஆண்டு ஒரு பேரரங்கம் திறக்கப்பட்டது. அதன் புறச்சுவர்கள் சரிவாக அமைந்தவை. அச்சரிவுகளின் மேல் பசும்புல் வளர்த்திருந்தார்கள். உள்ளே ஒரு வாரம் மிதிவண்டிப் பந்தயம் நடக்கும். மறுவாரம் பனித்தரை இட்டுச் சறுக்குவார்கள். பிறிதொரு வாரம் இசை நிகழ்ச்சி. நீர் நிரப்பிப் பாய்மரப் பலகை ஓட்டியதும் உண்டு. இத்தனைக்கும் இடந்தந்த அவ்வரங்கிற்குள் 1986-இன் இலையுதிர் காலத்தில் டென்னிஸ் நுழைந்தது. அவ்வாண்டு ஜெர்மனியின் போரிஸ் பெக்கர், ஸ்பெயினின் செர்கியோ கசாலை வென்று வாகை சூடினார். அன்று தொட்டு 2024 வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் போட்டி அங்கேயே நடந்தது. 2020-இல் பெருந்தொற்றின் நடுவே, பார்வையாளர் ஒருவருமில்லாத இருக்கைகளின் முன்னும் நடந்தது. ஆடவர் தொழில்முறை டென்னிசின் மாஸ்டர்ஸ் 1000 வரிசையில் உள்ள ஒன்பது போட்டிகளில், முழுவதும் கூரைக்குள் நடப்பது இன்று இது ஒன்றே.

பெர்சிக்கு முன்னும் இதற்கொரு வாழ்வு இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரரும் பயில்முறை ஆட்டக்காரரும் ஒரே களத்தில் மோதலாம் என்று 1968-இல் கதவு திறந்தது. அந்தக் காலத்தையொட்டியே பாரிசின் பியேர் தெ குபெர்த்தேன் அரங்கில் உள்ளரங்கப் போட்டி தொடங்கியது. 1980-களின் முற்பகுதியில் அது நின்றுபோயிற்று. செம்மண் தளத்தில் நடக்கும் ரோலான் காரோஸ் போட்டியை உலகறியச் செய்த பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு, குளிர்காலத்தின் வாயிலில் தலைநகருக்கு இன்னொரு பெருவிழா வேண்டும் என்று கருதிப் பெர்சியில் அதற்கு மறுபிறப்புத் தந்தது.

வென்றவர் பட்டியலை வரிசையாக எழுதினால் இப்போட்டியின் ஒரு வரலாறு கிடைக்கும். ஆயினும் அதனினும் ஆழமான வரலாறு ஒன்று அங்கே ஆட்டக்காரர்களின் காலடியில் கிடக்கிறது. இப்போட்டியை ஆண்டது அதன் தரை என்பதே என் கருத்து.

திறந்தவெளியில் டென்னிஸ் ஆடுபவன் எதிராளியோடு மட்டும் ஆடுவதில்லை. காற்று பந்தைத் தள்ளுகிறது. வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. வெப்பம் ஏறினால் பந்தினுள் அடைபட்ட வளியின் அழுத்தம் கூடி அது உயர எழுகிறது. ஈரம் ஏறினால் பந்தின் மேலுள்ள கம்பளி நனைந்து கனக்கிறது. கூரை இவையனைத்தையும் ஒருங்கே நீக்கிவிடுகிறது. சர்வீஸ் என்னும் தொடக்க அடியில் இது தெளிவாகப் புலப்படும். ஆட்டக்காரன் பந்தைத் தலைக்குமேல் எறிகிறான். அது மேலே சென்று திரும்பும் ஒரு நொடியளவுக்குள் மெல்லிய காற்றும் அதனைச் சில விரற்கடை விலக்கிவிடும். மட்டையின் நடுப்புள்ளி தவறுவதற்கு அவ்வளவு போதும். அரங்கினுள் பந்து ஒவ்வொரு முறையும் எண்ணிய புள்ளிக்கே வந்து சேரும். ஆகவே உள்ளரங்கம் முதலில் வாழவைப்பது தொடக்க அடியில் வல்லவனையே.

காற்றும் கதிரவனும் விலகிய பின் எஞ்சுவன பந்தும் மட்டையும் தரையும் மட்டுமே. பந்து எங்கும் ஏறத்தாழ ஒன்று. அதன் எடை 56-க்கும் 59.4 கிராமுக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும், 254 செ.மீ. உயரத்திலிருந்து வன்தரையில் விழவிட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும், இது விதி. தரைக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. அரங்கத்துக்கு அரங்கம், ஆண்டுக்கு ஆண்டு அது மாறலாம்.

பெர்சியின் முதல் தரை ஏன் விரிப்பாக இருந்தது என்பதற்கு விடை அக்கட்டடத்திலேயே உள்ளது. பனியும் நீரும் இசைமேடையும் மாறிமாறி வரும் இடத்தில் நிலையான டென்னிஸ் தளம் அமைக்க இயலாது. சுருளாக எடுத்துவந்து பரப்பி, போட்டி முடிந்ததும் சுருட்டிக் கொண்டுபோகக்கூடிய தளம் வேண்டும். நூலிழையாலோ, இரப்பர் அல்லது நெகிழிப் படலத்தாலோ ஆன அத்தகைய விரிப்புகள் அந்நாளில் ஐரோப்பிய உள்ளரங்கங்களில் எங்கும் இருந்தன. அவற்றின்மேல் ஆடுவோர் அடிப்புறம் வழவழப்பான தனிவகைக் காலணி அணிந்தார்கள்; வரித்தடம் பதித்த காலணி அணிந்தால் விரிப்பு காலைப் பிடித்து நிறுத்திவிடும், கணுக்கால் திரும்பிவிடும். காலைப் பற்றிக்கொள்ளும் அதே விரிப்பு பந்தை வழுக்கவிட்டது.

பந்து தரையைத் தொடும் கணம் நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்குள் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தேறுகின்றன. கீழ்நோக்கி வந்த விரைவில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்புகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பதை மீட்சிக் கெழு சொல்லும். முன்னோக்கி வந்த விரைவில் ஒரு பங்கைத் தரை பிடுங்கிக்கொள்கிறது. அதை உராய்வுக் கெழு சொல்லும்.

எண்களை இட்டுப் பார்ப்போம். பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் தளச் சோதனையில், சுழற்சியற்ற பந்து நொடிக்கு 30 மீட்டர் விரைவில், தரையோடு 16 பாகைக் கோணத்தில் ஏவப்படுகிறது. இதனைப் பிரித்தால் முன்னோக்கி நொடிக்கு 28.8 மீட்டரும், கீழ்நோக்கி 8.3 மீட்டரும் கிடைக்கும். இரண்டு தரைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மீட்சிக் கெழு 0.8, வழவழப்பான தரையின் உராய்வுக் கெழு 0.5, சொரசொரப்பான தரையினுடையது 0.65. வழுக்கியபடி எழும் பந்து இழக்கும் முன்விரைவைக் காண, உராய்வுக் கெழுவை ஒன்றுடன் மீட்சிக் கெழுவைக் கூட்டிய தொகையாலும், பிறகு கீழ்நோக்கிய விரைவாலும் பெருக்க வேண்டும். முதல் தரையில் பந்து நொடிக்கு 7.4 மீட்டர் இழந்து 21.4 மீட்டரில் கிளம்பும், இரண்டாவதில் 9.7 மீட்டர் இழந்து ஏறத்தாழ 19 மீட்டரில் கிளம்பும். எதிராளி ஆறு மீட்டர் பின்னே நிற்கிறான் என்றால், வழவழப்பான தரையில் பந்து அவனை நொடியின் முப்பதில் ஒரு பங்கு முன்னதாக எட்டும். ஏறத்தாழ 12 செ.மீ. தாழ்வாகவும் எட்டும். நொடியின் முப்பதில் ஒரு பங்கு சிறிது என்று தோன்றலாம். அந்த இடைவெளிக்குள் பந்து இரண்டடிக்கு மேல் கடந்துவிடுகிறது. மட்டையின் முகமோ ஓரடி அகலமும் இல்லாதது.

இவ்விரு கெழுக்களையும் சேர்த்துத் தளத்தின் விரைவை ஒரே எண்ணாகச் சொல்லும் முறையைக் கூட்டமைப்பு வகுத்துள்ளது. ஒன்றிலிருந்து உராய்வுக் கெழுவைக் கழித்து நூறால் பெருக்க வேண்டும், 0.81-இலிருந்து மீட்சிக் கெழுவைக் கழித்து 150-ஆல் பெருக்கி அதனோடு கூட்ட வேண்டும். நம் முதல் தரை 51.5 பெறும், இரண்டாவது 36.5 பெறும். 45-ஐ எட்டினாலே விரைவுத் தளம். 35 முதல் 39 வரை நடுத்தரம். உராய்வில் சிறு மாற்றம் ஒரு தளத்தை ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் நகர்த்திவிடும்.

இந்த எண்களை மனத்தில் இருத்திக்கொண்டு முதலிருபது ஆண்டு வெற்றியாளர்களைப் பார்த்தால் பட்டியல் பேசத் தொடங்கும். பெக்கர் 1986, 1989, 1992 என மும்முறை வென்றார். 1993-இல் குரோவேசியாவின் இவானிசெவிச்; 1995-இலும் 1997-இலும் அமெரிக்காவின் சாம்ப்ராஸ்; 1998-இல் அந்தச் சாம்ப்ராசையே வீழ்த்திய பிரிட்டனின் ருசெட்ஸ்கி. யாவரும் தொடக்க அடியால் அஞ்சவைத்தவர்கள். மணிக்கு 200 கி.மீ. விரைவில் புறப்படும் பந்தின் விரைவில் கால் பங்குக்குக் குறையாமல் காற்றின் தடையே உண்டுவிடுகிறது. அதன் பிறகு தரையும் தன் பங்கைக் கேட்கும். விரிப்பு குறைவாகவே கேட்டது.

1991-ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். பிரான்சின் கி ஃபொர்ஜே இடக்கையர். தம் நாட்டு மக்கள் முன் சாம்ப்ராசை ஐந்து செட்களில் வென்றார். சில வாரங்களுக்குள் லியோன் நகரில், அதுவும் உள்ளரங்கில், டேவிஸ் கோப்பையின் இறுதியில் அதே சாம்ப்ராசை மீண்டும் வென்று, ஐம்பத்தொன்பது ஆண்டுகளாகக் காணாத கோப்பையைப் பிரான்சுக்கு மீட்டுத் தந்தார். இடக்கையால் அடிக்கும் தொடக்க அடி பக்கவாட்டுச் சுழற்சியோடு வந்து, வலக்கையரின் புறங்கைப் பக்கம் விலகி ஓடும். தாழ வழுக்கும் தரையில் அப்பந்தைத் துரத்திப் பிடிப்பது எத்தனை அரிது என்பதைச் சாம்ப்ராஸ் இருமுறை உணர்ந்தார்.

இதனால் விரிப்பு தொடக்க அடிக்காரரின் தனிச்சொத்து என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1994-இலும் 1999-இலும் வென்ற அகாசி அந்த எண்ணத்தை உடைக்கிறார். காற்றில்லா அரங்கில் பந்து அடிப்பவனுக்கு மட்டுமா எண்ணிய வழியில் செல்கிறது? எதிர்கொள்பவனுக்கும் அது ஐயமின்றி வருகிறது. அகாசி அடிக்கோட்டை விட்டுப் பின்வாங்காமல், பந்து எழும்போதே அதைத் தட்டித் திருப்பினார்; எதிராளி தந்த விரைவையே அவனிடம் திருப்பிக் கொடுத்தார். 2000-த்தின் இறுதியாட்டத்தில் இருபது வயது மராத் சாஃபின், ஆஸ்திரேலியாவின் ஃபிலிப்பூசிசை ஐந்தாம் செட்டின் டை-பிரேக் வரை சென்று 10-8 எனச் சாய்த்தார். விரைவுத் தளத்தில் ஒருவர் தொடக்க அடியை மற்றவர் முறியடிக்க இயலாதபோது ஆட்டம் எப்படி ஓர் இழையில் தொங்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. சாஃபினும் பெக்கரைப் போல மும்முறை வென்றார்.

2006-இல் ரஷ்யாவின் தவிதென்கோ வென்றதோடு இரண்டு முடிவுகள் நேர்ந்தன. ஐந்து செட் இறுதியாட்டம் அவ்வாண்டோடு நின்றது. விரிப்பும் அவ்வாண்டோடு சுருட்டப்பட்டது. 2009 முதல் ஆடவர் தொழில்முறைச் சுற்றின் மேல்நிலையிலிருந்தே விரிப்புத் தளம் விலக்கப்பட்டது. பெர்சியில் 2007-இல் கடினத்தளம் வந்தது. அரங்கத் தரையின்மேல் பலகைகளை அடுக்கி, அதன்மேல் அக்ரிலிக் வண்ணப்பூச்சை அடுக்கடுக்காகப் பூசி ஆக்குவது இது. பூச்சில் மணல் கலக்கிறார்கள். அந்த மணலில்தான் தளத்தின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. துகள் பெரிதானால், அளவு மிகுந்தால் தரை சொரசொரப்பாகும்; உராய்வு கூடும்; பந்து மந்தப்படும். அதோடு சொரசொரப்பான தரை பந்தின் கம்பளியைக் கிளப்பிவிடும். உப்பிய பந்தைக் காற்று இன்னும் வலிந்து தடுக்கும். மணலைக் கூட்டிக் குறைக்கும் ஒருவர் கையில் ஒரு போட்டியின் போக்கே இருக்கிறது என்றால் அது மிகையன்று.

கடினத்தளத்தின் முதல் இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் நல்பந்தியன் 6-4, 6-0 என ரஃபேல் நடாலை வென்றார். நடால் பெர்சியில் இறுதிவரை வந்தது அந்த ஒருமுறைதான். கோப்பை அவருக்குக் கிட்டவேயில்லை. ஆண்டின் இறுதியில் அவர் உடல் களைத்திருந்தது ஒரு காரணம். அறிவியல் சொல்லும் காரணமும் உண்டு. அவருடைய பந்து நிமிடத்துக்கு மூவாயிரம் முறைக்கு மேல் மேற்சுழற்சியோடு சுழன்று வரும். அச்சுழற்சி பந்தைச் செங்குத்தாக இறக்கி, செம்மண்ணில் எதிராளியின் தோளுக்கு மேல் எழுப்பும். மீட்சியும் உராய்வும் குறைந்த உள்ளரங்கத் தரை அந்த எழுச்சியைத் தாழ்த்திவிடுகிறது. ரோலான் காரோசில் பதினான்கு முறை வென்றவரை, அதே நகரின் மறுகோடியில் இருந்த ஒரு தரை கடைசிவரை வெல்லவிடவில்லை. நோவாக் ஜோகோவிச்சோ 2009 முதல் 2023 வரை ஏழுமுறை அங்கே வென்றார். தாழ வரும் பந்தையும் கால் அகற்றி வளைந்து எடுக்கும் அவர் உடலுக்கு அந்தத் தரை இசைந்தது.

இரட்டையர் ஆட்டத்தில் நம்மவர் பெயரும் அங்கே பதிந்துள்ளது. 2011-இல் ரோகன் போபண்ணா பாகிஸ்தானின் குரேஷியுடன் சேர்ந்து வென்றார். மறு ஆண்டு சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியுடன் இணைந்து மீண்டும் வென்றார்.

2024-இல் பெர்சியில் கடைசி முறையாகத் தளம் அமைந்தபோது, அது மிக விரைவாக இருப்பதாக ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். ஜெர்மனியின் ஸ்வெரெவ் அவ்வாண்டு வென்றார். 2025-இல் போட்டி நகரின் மேற்கே நாந்தேரில் உள்ள லா தெஃபான்ஸ் அரங்கிற்கு மாறியது. ரக்பி ஆட்டத்துக்கென எழுந்த அந்த அரங்கில்தான் 2024 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் நடந்தன. அங்கே அமைந்த புதிய தரை முந்தைய ஆண்டினதைவிட மந்தமானது என்று ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். இத்தாலியின் சின்னர் அதில் வாகை சூடினார். ஒரே போட்டி, ஒரே கோப்பை. ஓராண்டு இடைவெளியில் இருவேறு ஆட்டங்கள்.

தரை மாறுவதில் எனக்குக் குறையில்லை. எல்லா ஊரிலும் ஒரே விரைவில் தளம் அமைத்தால் டென்னிஸ் வறுமைப்படும்; விரிப்பை முற்றாக விலக்கியதில் ஓர் இழப்பு இருக்கிறது என்றே கருதுகிறேன். குறை வேறு. பந்தின் எடையைக் கிராமின் பத்திலொரு பங்குவரை வரையறுத்தவர்கள், தளத்தின் விரைவை அளக்கவும் வழி கண்டவர்கள், அந்த எண்ணை ஆட்டத்துக்கு முன் பார்வையாளருக்குச் சொல்வதை வழக்கமாக்கவில்லை. மட்டைப்பந்தில் ஆடுகளத்தின் இயல்பை ஆட்டத்துக்கு முன்பே விளக்குகிறார்கள். உள்ளரங்க டென்னிசிலும், போட்டியின் முதல் நாளன்றே தளத்தின் விரைவெண்ணைக் கோப்பையின் பெயரோடு சேர்த்து அறிவிக்க வேண்டும்.