நூலகர்களுக்கான இணையவழிப் பணித்திறன் பயிற்சி: வாய்ப்புகளும் வரம்புகளும்

முன்னுரை

நூலகர் பயிற்சி தமிழகத்திற்குப் புதியதன்று. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், லண்டன் சென்று நூலகவியல் பயின்று திரும்பினார். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக, 1929இல் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது நூலகத்தை வளரும் உயிரியாகக் காண்கிறது. நூலகம் வளருமாயின் நூலகரின் திறனும் உடன்வளர வேண்டும் என்பது அதன் இயல்பான விளைவாகும். இன்று அவ்வளர்ச்சிக்குரிய களமாக இணையம் அமைந்துள்ளது. அதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பயிற்சியின் தேவை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், உதவி நூலகரின் முதற்கட்டப் பணி உயர்விற்கு 21 நாள் பயிற்சியையும், தானியக்கம், எண்மமாக்கம் முதலியன சார்ந்த குறைந்தது 5 நாள் பயிற்சியையும் வேண்டுகின்றன. ஒரே நூலகர் பணியாற்றும் கல்லூரியில் அவர் 21 நாள் வெளியூர் சென்றால் நூலகப் பணி முடங்கும். இச்சிக்கலுக்கு இணையவழிப் பயிற்சி தீர்வாகிறது.

இணையவழி வாய்ப்புகள்

2017இல் தொடங்கப்பெற்ற ஸ்வயம் தளம் காணொலி விரிவுரை, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என நான்கு கூறுகளை உடையது. 2018இல் அத்தளத்தின்வழி அறிமுகமான ஆண்டுப் புத்தொளிப் பயிற்சித் திட்டம் (அர்பித்) 40 மணிநேரப் பாடத்தையும் இறுதித் தேர்வையும் கொண்டிருந்தது. நூலக, தகவல் அறிவியலும் அதில் இடம்பெற்றது. சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தைப் பேணும் இன்ஃபிலிப்நெட் நடுவமும் நூலகர்களுக்குப் பயிற்சியளித்து வருகிறது.

சான்றிதழும் செயல்திறனும்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இணையக் கருத்தரங்குகளும் மின்சான்றிதழ்களும் பெருகின. ஆயினும் சான்றிதழ் வேறு, செயல்திறன் வேறு. 1999இல் நியூசிலாந்தில் உருவாகத் தொடங்கிய கோஹா மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும் அதனை நிறுவுதல், மார்க் 21 வடிவில் பதிவிடுதல், பழைய தரவை மாற்றுதல், காப்புப்படி எடுத்தல் ஆகியன செய்து பழக வேண்டியவை. காணொலியைக் கண்டதனால் மட்டும் இவை கைவந்துவிடா.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்னர்ப் பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ளிடப்பட்ட பட்டியலை முறையாக மாற்றாவிடில், நூல் அடுக்கில் இருந்தும் தேடலில் அகப்படாது. ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்து ஒரு பதிவில் தமிழிலும் மற்றொன்றில் ஆங்கில ஒலிப்பிலும் அமையின், ஒருவரே இருவராகத் தோன்றுவார். இதனால் இழப்புறுபவர் ஆய்வாளரே. நூலகவியல் இணையப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதால், இத்தகைய தமிழ்சார் நுட்பங்கள் அவற்றில் உரிய இடம் பெறுவதில்லை.

முடிவுரை

இணையவழிப் பயிற்சி தொலைவையும் விடுப்புச் சிக்கலையும் குறைக்கிறது. ஆயின், அதன் பயனைப் பங்கேற்ற மணிநேரத்தால் மட்டும் அளவிடுதல் போதாது. பயிற்சி பெறுபவர் தம் நூலகத்தின் சில தமிழ் நூல்களைப் பதிவிட்டு, வல்லுநரின் திருத்தம் பெற்ற பின்னரே சான்றிதழ் வழங்கும் முறை பொருத்தமுடையது. தமிழ்ப் பட்டியலாக்கத்திற்கெனத் தமிழிலேயே இணையப் பாடம் உருவாக்குவது தமிழ்த்துறைகளும் நூலகவியல் துறைகளும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.