பருவச் சோர்வா? தைராய்டு குறைவா?

உடல் வேறு, உள்ளம் வேறு என்று நாம் பேசிக்கொண்டாலும், நோய் வரும்போது அவை பிரிந்து நிற்பதில்லை. உள்ளம் சோர்ந்தால் உடல் தளர்கிறது. உடல் தளர்ந்தால் உள்ளமும் வாடுகிறது. ஆகவேதான் எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது சில வேளைகளில் மருத்துவருக்கே கடினமாகிறது. ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றி மயக்கும் இரு நிலைகளை இங்குக் காண்போம். ஒன்று பருவகால மனச்சோர்வு. மற்றொன்று தைராய்டு குறைவு.

ஒளி குன்றும் பருவம்

பூமத்திய ரேகையை விட்டு வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் குறுகுகிறது. நார்வே நாட்டின் டிரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. வடபுல நாடுகளில் சிலருக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மனச்சோர்வு தொடங்கி, வசந்தம் வந்ததும் தானே நீங்கிவிடுகிறது.

இதனை ஒரு தனி நிலையாக 1984ஆம் ஆண்டு விளக்கியவர்கள் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் ஆவர். வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் பிறந்த ரோசந்தால், நியூயார்க்கில் குடியேறியபின் குளிர்காலத்தில் தம் ஊக்கமே குறைவதைக் கண்டவர். இந்நிலையில் தூக்கம் மிகும், மாவும் இனிப்பும் உண்ணும் வேட்கை பெருகும், எடை கூடும், எதிலும் நாட்டம் இராது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவுள்ள செயற்கை ஒளியின் முன் அமர்வது இதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று.

கழுத்திலுள்ள சுரப்பி

முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்தது தைராய்டு சுரப்பி. இது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன், உடலின் உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக இயங்கவேண்டும் என்பதை வகுக்கிறது. அது குறைந்தால் நாடி மெலிந்து நடக்கும், சிந்தனை மந்தமாகும், தூக்கம் மிகும், எடை கூடும், மனமும் சோரும். மேலே கூறிய பருவச் சோர்வின் சாயல் இதில் அப்படியே இருப்பதைக் காணலாம்.

1949ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். மனம் பேதலித்தவர்களாகத் தோன்றிய அவர்களுக்கு உண்மையில் இருந்தது தைராய்டு குறைவே. சுரப்பி மருந்து கொடுக்கப்பட்டதும் அவர்களுள் பலர் தெளிவு பெற்றனர்.

வேறுபாடு காண்பது எவ்வாறு?

முதலாவது, நாட்காட்டி. பருவச் சோர்வு குறித்த காலத்தில் வந்து குறித்த காலத்தில் போகும். அவ்வாறு அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளேனும் நிகழவேண்டும். தைராய்டு குறைவு பருவம் பார்ப்பதில்லை. மெல்ல வந்து நிலைத்துவிடும்.

இரண்டாவது, பசி. பருவச் சோர்வில் உண்பது மிகுந்து எடை கூடுகிறது. தைராய்டு குறைவில் உணவு குறைந்தும் எடை கூடலாம்.

மூன்றாவது, உடற்குறிகள். மற்றவர்க்கு இதமாயிருக்கும் காற்றும் குளிராகத் தோன்றுதல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மலச்சிக்கல், குரல் கம்முதல், முகம் உப்புதல், மாதவிலக்கில் மிகுதியான போக்கு, கழுத்தில் கழலை ஆகியவை தைராய்டைச் சுட்டுவன.

எனினும் குறிகள் மட்டும் போதா. தைராய்டு குறைந்தவர்க்குக் குளிர் தாங்காது. எனவே குளிர்காலத்தில் அவர் துன்பம் மிகுந்து, பருவச் சோர்வைப்போலவே தோன்றும். ஒருவருக்கே இரண்டும் இருத்தலும் உண்டு. ஐயம் தீர்ப்பது இரத்தப் பரிசோதனையே. பாடம் கேளாத மாணவனை ஆசிரியர் உரத்த குரலில் அழைப்பதுபோல, தைராய்டு சோம்பினால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாக அனுப்புகிறது. இரத்தத்தில் அதனை அளந்தால் உண்மை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

நமக்கு இதனால் என்ன?

சென்னை வடக்கே 13 பாகையில் உள்ளது. மார்கழியிலும் இங்குப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. எனவே மேற்படிப்புக்காகக் கனடாவுக்கோ ஸ்காட்லாந்துக்கோ செல்லும் நம் மாணவர் பருவச் சோர்வை அறிந்திருத்தல் நலம். இங்குள்ளோர் தம் சோர்வுக்குக் குறுகிய பகலைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

ஆனால் நம்மிடையே வேறொரு காரணம் ஆயத்தமாக இருக்கிறது. "சோம்பேறி" என்னும் சொல்தான் அது! வகுப்பில் கண் அயரும் மாணவியை, மதிப்பெண் குறைந்த மாணவனை அச்சொல்லால் குறிப்பிட்டுவிட்டு நாம் அமைதி அடைகிறோம். தைராய்டு குறைவு ஆண்களைவிடப் பெண்களைப் பன்மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. நாள்தோறும் ஒரு மாத்திரையால் சீராகக்கூடிய குறைக்கு ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் ஏச்சு வாங்குவது எவ்வளவு கொடுமை!

மாத்திரையைத் தாமாகவே உண்ணுதலும் தவறு. அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தால், "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுதலும் தவறு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு எதுவாயினும் மருத்துவம் பெறத்தக்கதே. சாவைப் பற்றி நண்பர் ஒருவர் பேசினால், அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடமை.

மாணவ நண்பர்களே! ஒருவர் ஊக்கம் குன்றியிருக்கக் கண்டால் அவருடைய குணத்தை எடைபோடுமுன் அவருடைய உடல்நலத்தைக் கேளுங்கள். பழிச்சொல் எதையும் குணப்படுத்துவதில்லை. பரிசோதனையோ வழி காட்டுகிறது.