டயருக்குள் ஒரு குட்டி வானொலி

வடக்கிலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கு வருபவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதை நன்றாகத் தெரியும். அதைத் தாண்டினால் ஜெலாப்பாங் வரை நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லோரிகள் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகின்றன. பிரேக் சூடாகிறது. அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறுகிறது. அடிவாரத்தில் டோல் சாவடி இருந்த காலத்தில், பிரேக் பிடிக்காமல் வந்த லோரிகளால் நடந்த விபத்துகளை ஈப்போவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிரேக்கைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அதே சூட்டில் சுழலும் டயரைப் பற்றி எத்தனை பேர் யோசிக்கிறோம்?

வெறும் ரப்பர் அல்ல

டயரை வெறும் ரப்பர் என்றே நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கூட்டுப்பொருள். எஃகுக் கம்பிகள், பாலியெஸ்டர் அல்லது நைலான் இழைகள், கரித்தூள், இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர் எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. பாரம் தாங்கும் லோரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். வளைந்து நிமிரும்போது அது குறைவாகவே சூடாகும் என்பதே காரணம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட பால்மரங்களிலிருந்து வளர்ந்த தோட்டத் தொழிலில் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பாலுக்கு, உலகம் இன்னும் முழுமையான மாற்று கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் கூட்டுப்பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே அடுக்குகள் பிரியத் தொடங்கினாலும் வெளியே பளபளவென்றே இருக்கும்.

2000ஆம் ஆண்டின் பாடம்

காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும். நசுங்க நசுங்கச் சூடாகும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல, ஓடும்போதே மேல்பட்டை பிரிந்துபோனவை. தயாரிப்புக் குறை, குறைந்த காற்று, வெயில், வேகம் எல்லாமே பேசப்பட்டன. அந்த விபத்துகளோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 200க்கும் அதிகம். அதே ஆண்டு அங்கே புதிய சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் காற்றழுத்த எச்சரிக்கை கட்டாயமானது. 2014 நவம்பரில் ஐரோப்பாவும் அதைப் பின்பற்றியது.

இன்று பல கார்களில் வால்வின் உட்புறம் ஒரு சிறு உணர்கருவி இருக்கிறது. நம் எஃப்.எம். வானொலிகள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் பேசுகின்றன. இந்தக் குட்டி நிலையம் பெரும்பாலும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அதன் ஒரே நேயர், உங்கள் காரின் கணினி.

ரப்பருக்குள் நுழைவது சுலபமா?

ஆனால் இந்தக் கருவி பார்ப்பது உள்ளே இருக்கும் காற்றை. ரப்பரின் உடல்நிலையை அல்ல. அதற்குக் கருவியை ரப்பருக்குள்ளேயே புதைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

முதலில், டயரை அச்சில் வேகவைக்கும்போது ஏற்படும் சுமார் 150 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் பலத்த அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். அடுத்து, சுற்றியுள்ள எஃகுக் கம்பிகளும் கரித்தூளும் வானலையைப் பலவீனமாக்கும். மூன்றாவது, வளைவு. கார் டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். அப்படியானால் கிலோமீட்டருக்கு 500 சுற்று. ஈப்போவிலிருந்து 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு லட்சம் முறை வளைந்து நிமிரும். மிருதுவான ரப்பருக்குள் கெட்டியான சில்லு இருந்தால், விரிசல் அங்கிருந்தே தொடங்கலாம்.

இதற்கு ஒரு வழி, ஆண்டெனாவை ஸ்பிரிங் போலச் சுருட்டி, பேட்டரியே இல்லாத அடையாளச் சில்லாகப் புதைப்பது. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே அது சக்தி பெறுகிறது. மிஷ்லின் நிறுவனம் இப்படிச் சில்லு புதைத்த டயர்களை விற்கிறது. ஆனால் அந்தச் சில்லு சொல்வது டயரின் அடையாளத்தைத்தான். ரப்பருக்குள்ளிருந்தே வெப்பத்தையும் இழுவிசையையும் அளக்கும் கருவிகளை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

மஞ்சள் விளக்குக்காகக் காத்திருக்காதீர்கள்

அமெரிக்க விதிப்படி, காற்று 25 விழுக்காடு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 32 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும்வரை விளக்கு மௌனமாக இருக்கலாம். குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் ஊருக்குக் கிளம்பும்போது அந்த இடைவெளி ஆபத்தானது.

அதனால் மாதம் ஒருமுறையும், நெடுந்தூரப் பயணத்துக்கு முன்பும், டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே உங்கள் காருக்கு உரியது. விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால், பெரும்பாலும் கோளாறு உணர்கருவி அமைப்பில்தான். அதன் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். டயர் மாற்றும்போது, வால்வில் கருவி இருப்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உபரி டயரில் பெரும்பாலும் கருவி இருக்காது. அதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

டயர் தன் வலியைத் தானே சொல்லும் காலம் வரலாம். அதுவரை ஜெலாப்பாங் இறக்கத்தில் நம்மைக் காப்பது சிறிய கியரும், நிதானமும், வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்ட காற்றும்தான்.