‘டைம்பாஸ்’ என்பது விமர்சனமா? – ‘சார்லி சோப்ரா’வை முன்வைத்து

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது. முன்னாடி ஒரு எபிசோட்ல வெப் சீரிஸ் பட்டியல் போட்டப்போ, ‘சார்லி சோப்ரா’வை ஒரே வார்த்தையில முடிச்சேன்: “டைம்பாஸ்.” அடுத்த நாளே சிதம்பரத்துல இருந்து சித்தி போன். “ஏன்டா, மூஞ்சைத் தொங்கப்போட்டுக்கிட்டு வர்ற போலீஸ்காரன் சீரிஸுக்கு இருபது நிமிஷம் பேசுற. சிரிச்சுக்கிட்டே கேஸ் தேடுற பொண்ணுக்கு ஒரு வார்த்தைதானா?”

பதில் வரலை. அந்த சனிக்கிழமை கடலூர்ல பஸ் ஏறி சிதம்பரம் போய், சித்தி பக்கத்துல உட்கார்ந்து, சப்டைட்டில் போட்டு மறுபடி முதல்ல இருந்து பார்த்தேன்.

முதல்ல, இது என்ன சீரிஸ்?

விஷால் பரத்வாஜ் இயக்கி 2023 செப்டம்பர்ல சோனி லிவ்ல வந்த இந்தி சீரிஸ். ஆறு எபிசோட். மூலக்கதை அகதா கிறிஸ்டி 1931-ல எழுதின ‘தி சிட்டாஃபோர்ட் மிஸ்டரி’. இங்கிலாந்துப் பனியை மணாலி பக்கத்து சோலாங் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்துட்டாங்க. ஆவியோட பேசுற கூட்டத்துல, ஒருத்தர் செத்துட்டார்னு செய்தி வருது. போய்ப் பார்த்தா நிஜமாவே கொலை. சந்தேகத்துல மாட்டுறவன் சார்லியோட காதலன். அவனைக் காப்பாத்த அவளே துப்பறியக் கிளம்புறா, கூட ஒரு பத்திரிகைக்காரன். சார்லியா நடிச்சது வாமிகா கப்பி. ‘மாலை நேரத்து மயக்கம்’ பார்த்தவங்களுக்குத் தெரிஞ்ச முகம். வாய் ஓயாது, நடுநடுவுல கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மகிட்டயே பேசுவா.

விமர்சனங்கள் கலவையா வந்துச்சு. வாமிகாவோட நடிப்பையும் பனிக்காட்சிகளையும் பலர் பாராட்டினாங்க. வேகம் போதலை, பாத்திரங்கள் ரொம்ப அதிகம்ங்கிறது குறை. கேமராவைப் பார்த்துப் பேசுறதுல ரெண்டு கட்சி.

சேட்டையை எடுத்துட்டா கேஸ் நிக்குமா?

கோடு எழுதுறவங்க ஒண்ணு பண்ணுவோம். ஒரு வரி தேவையான்னு சந்தேகம் வந்தா, அதை கமென்ட் பண்ணிட்டு ஓட்டிப் பார்ப்போம். எல்லாம் முன்னாடி மாதிரியே ஓடுச்சுன்னா, அந்த வரி சும்மா உட்கார்ந்திருந்ததுன்னு அர்த்தம். துப்பறிவாளர்களோட வினோதப் பழக்கங்களுக்கும் இதே சோதனைதான்.

கொலம்போவோட கசங்கின கோட்டை எடுத்துடுங்க. கொலைகாரங்க அவரைக் குறைச்சு எடைபோட மாட்டாங்க, வாயும் விட மாட்டாங்க. ‘போக்கர் ஃபேஸ்’னு 2023-ல வந்த அமெரிக்க சீரிஸ்ல நாயகி பேரும் சார்லிதான். யார் பொய் சொன்னாலும் கண்டுபிடிச்சுடுவா. அதை எடுத்துட்டா சீரிஸே இல்லை. கொலை பண்ணினது யாருன்னு முதல்லயே காட்டிடுறாங்க, ஒரு எபிசோடுக்கு ஒரு கேஸ். அதனால நாயகியோட குணத்தை ரசிக்க நமக்கு நேரம் கிடைக்குது.

நம்ம சார்லி சோப்ரா பாதி பாஸ். ஆரம்பத்துல கேமராவைப் பார்த்துச் சொல்ற சந்தேகம் நம்மளையும் அவளோட கூட்டாளி ஆக்குது. பின்னாடி வரவர, நாம பார்த்ததையே திரும்பச் சொல்ற மாதிரி ஆகிடுது. தவிர, ஒரு சாயங்காலத்துல படிச்சு முடிக்கிற நாவலை ஆறு எபிசோடா இழுத்தா, சந்தேக லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காட்சி கொடுத்தாகணும். ரேஷன் கடை வரிசை மாதிரி ஆகிடும். அந்த விமர்சனம் நியாயமானது. வேலையைப் பார்த்துச் சொன்னது.

நான் சொன்ன “டைம்பாஸ்” அப்படி இல்லை. நான் வேலையையே பார்க்கலை. லேசா இருக்கு, அதனால சின்னதுன்னு முடிவு பண்ணிட்டேன். சிதம்பரம் கொத்சுவுல சாம்பார் ருசி இல்லைன்னு குறை சொல்ற மாதிரி.

பன்னிரண்டு முறை

இந்தத் தப்பை நான் மட்டும் பண்ணலை. ‘மர்டர், ஷி ரோட்’ 1984-ல இருந்து 1996 வரைக்கும் 12 சீசன், 264 எபிசோட் ஓடின சீரிஸ். துப்பறியும் கதை எழுதுற ஜெசிகா ஃப்ளெட்சரா ஆஞ்சலா லான்ஸ்பரி. பக்கத்து வீட்டு அத்தை மாதிரி இருக்கிறதால எல்லாரும் அவங்க முன்னாடி தயங்காம பேசுவாங்க, மாட்டிக்குவாங்க. சோதனையில முழு பாஸ். இந்த வேடத்துக்கு கோல்டன் குளோப் நாலு தடவை கிடைச்சுது. எம்மிக்கு 12 சீசனுக்கும் 12 முறை பரிந்துரை. ஒரு முறைகூடக் கொடுக்கலை. ஒவ்வொரு வருஷமும் தோத்ததுக்கு ஒவ்வொரு காரணம் இருக்கலாம். பன்னிரண்டையும் வரிசையா வெச்சுப் பார்த்தா, லேசா நடிக்கிறது சுலபம்ங்கிற நினைப்புதான் எனக்குத் தெரியுது.

நம்ம பக்கம்

தமிழ் ஓடிடியில துப்பறியற பெண்கள் இருக்காங்க. ‘நவம்பர் ஸ்டோரி’யில (2021) தமன்னா எத்திக்கல் ஹேக்கர், அப்பாவுக்கு அல்சைமர். ‘சுழல்’ல (2022) ஸ்ரேயா ரெட்டி இன்ஸ்பெக்டர், கேஸ் அவங்க வீட்டுக்குள்ளயே வந்துடும். ரெண்டுமே எனக்குப் பிடிச்சது. ஆனா ரெண்டு பேருக்குமே சிரிக்க நேரமில்லை. குடும்பத்துல ஒரு காயம் இருந்தாதான் பெண் கேஸைத் தொடலாம்ங்கிற மாதிரி இருக்கு.

ஆணுக்கு அந்த நிபந்தனை இல்லை. தேவனோட ‘துப்பறியும் சாம்பு’ 1940-கள்லயே விகடன்ல அசடா வந்து, அதிர்ஷ்டத்துல கேஸை முடிச்சு ஜெயிச்சார். பின்னாடி தூர்தர்ஷன்ல காத்தாடி ராமமூர்த்தி அவரா நடிச்சார்.

பெண்ணும் இருந்தா, ஆனா மாத நாவல்ல. பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்–சுசீலா. சுசீலா போடுற டி-ஷர்ட் வாசகத்துக்காகவே படிச்சவங்க உண்டு. அந்த வாசகம் கேஸுக்குத் தேவையான்னு கேட்டா, சோதனையில ஃபெயில் ஆகலாம். ஆனா அதைக் கேட்கக்கூட யாரும் உட்காரலை. இலக்கிய விமர்சனம் பெரும்பாலும் பஸ் ஸ்டாண்ட் கடையில கிளிப் மாட்டித் தொங்கின புத்தகத்துப் பக்கம் வந்ததில்லை.

இதைச் சொன்னப்போதான் சித்தி சொன்னாங்க. சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட்ல மாத நாவல் வாங்கி, காலேஜ் நோட்டுக்குள்ள வெச்சுப் படிப்பாங்களாம். ஒருநாள் தாத்தா பார்த்துட்டார். திட்டலை. “வெட்டிப்பொழுது”ன்னு ஒரு வார்த்தை சொல்லி, புத்தகத்தை வாங்கிப் பரண்ல போட்டுட்டார். “கடைசி அத்தியாயம் பாக்கி இருந்துச்சுடா. யார் கொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

நான் சொன்னதும் அதே வார்த்தைதான், இங்கிலீஷ்ல. அதனால இனி இந்த நிகழ்ச்சியில ஒரு சீரிஸ் பிடிக்கலைன்னா, எது வேலை செய்யலைன்னு சொல்லுவேன். லேசா இருக்குங்கிறது குறைப் பட்டியல்ல வராது.

சித்திக்கு நாவலோட பேர் மறந்துபோச்சு. ஒரு எஸ்டேட் பங்களா, சமையல்காரர் காணாமப் போறார், இவ்வளவுதான் ஞாபகம். உங்க வீட்டுப் பரண்ல இருந்தா, கடைசி அத்தியாயத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.