ஓட்டு வீடு வாங்கப் போறீங்களா? இதெல்லாம் தெரியுமா?

ஓட்டு வீட்டில் முதலில் கெடுவது ஓடு இல்லை, தெரியுமா? நன்றாக வெந்த ஓடு தாத்தா காலத்தில் ஏறியது, பேரன் காலத்திலும் அசராமல் கிடக்கும். ஓய்ந்துபோவது அதைத் தாங்கும் மரம்தான்! அதனால் வாசலில் நின்று கூரையின் சிவப்பில் மயங்காதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்.

அந்த மரம் எவ்வளவு சுமக்கிறது தெரியுமா? ஒரு மங்களூர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் தலைக்கு மேல் மூன்று டன்! நனைந்தால் இன்னும் கனக்கும்.

அதைவிட அதிசயம், இத்தனை கனமும் பெரும்பாலும் ஆணியே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது! ஓட்டின் அடியில் இருக்கும் காதுகள், குறுக்கே அடித்த மெல்லிய மரச்சட்டமான ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை ஓட்டின் எடையே பார்த்துக்கொள்ளும். ரீப்பர் கொஞ்சம் தொய்ந்தால் போதும், ஓடு விலகி ஒழுக ஆரம்பித்துவிடும். எதிர்வாடையில் நின்று முகட்டைப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால், மேலே ஓட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கரையான் எங்கே தொடங்கும் தெரியுமா? பெரும்பாலும் சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில். அங்கே ஈரமும் இருட்டும் சேர்ந்திருக்கும். சுவரில் பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தைக் குத்துங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் என்றால் முனை இறங்கவே இறங்காது. உளுத்துப்போனது மாவாகக் கொட்டும்! புதிதாக வார்னிஷ் அடித்த சட்டத்தை இரண்டு தடவை குத்திப் பார்ப்பது நல்லது.

ஓட்டையும் விரலால் சுண்டுங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. மழுங்கிய சத்தம் வந்தால் கீறலோ, வேகாத மண்ணோ!

இந்த மங்களூர் ஓட்டுக்கு வயது என்ன தெரியுமா? 1865-இல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்காக மங்களூரில், நேத்ராவதிக் கரையில் ஓட்டு ஆலை தொடங்கினார். அந்த ஆற்று மண் ஓடாகி இலங்கைக்கும் பர்மாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது! பழைய ஓட்டில் '1865' என்று பதிந்திருந்தால் அது ஆலை பிறந்த ஆண்டு. அதைக் காட்டி வீட்டுக்கு நூற்றைம்பது வயது என்று யாராவது விலையேற்றினால் நம்பிவிடாதீர்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பார்கள். இடையில் தங்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. ஆனால் பூனை ஓடினாலே விலகும் ஓடு அது. அவ்வப்போது பிரித்து மேய வேண்டும், அதற்குக் கை பழகிய ஆள் உள்ளூரில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கடன் எடுத்து வாங்குகிறவர்கள் வங்கியிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்; கான்கிரீட் கூரை இல்லாத வீட்டுக்குச் சில இடங்களில் தயங்குவார்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு ஆலை ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு ஆலை ஓடு பெரும்பாலும் பொருந்தாது, தெரியுமா? நாலு ஓடு உடைந்தால் அதே அச்சைத் தேடி அலைய வேண்டும். கொல்லையில் அடுக்கி வைத்திருக்கும் உபரி ஓடுகளையும் சேர்த்தே விலை பேசுங்கள். ஒரு நல்ல மழை நாளில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!